அடிக்கும் கை பிடிக்காதது ஏன்?

பழவேற்காடு ஏரியைப் பார்த்திருக்கிறீர்களா? சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கும் உவர்நீர் ஏரி அது. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் மிகப் பெரியது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டில் மீனவர் குப்பங்கள் இருக்கின்றன. கல்லூரி மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு, கடலலைகளையும் முகத்துவாரத்தையும் காட்டுவதற்காக ஒருமுறை அங்கே சென்றிருந்தேன்.

மாலையில் குப்பத்துப் பையன்கள் மணலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவனுக்குப் பதினேழு வயது இருக்கும். அகன்ற தோள், உரமேறிய கைகள். டென்னிஸ் பந்தை மூன்று முறை அடித்தான். மூன்று முறையும் அது உலர்த்தியிருந்த வலைகளைத் தாண்டித் தண்ணீரில் போய் விழுந்தது. என் மாணவர்கள் கை தட்டினார்கள்.

பிறகு அவன் பந்து தடுக்கும் முறை வந்தது. உயரே எழும்பிய ஒரு பந்தைப் பார்த்து நாலடி முன்னே ஓடினான். நின்றான். பந்து அவன் தலைக்கு மேலே பறந்து பின்னால் விழுந்தது. அடுத்த பந்து நேராக அவன் கைக்கே வந்தது. உள்ளங்கையில் மோதித் தெறித்து ஓடிவிட்டது.

"டேய் ஓட்ட வலை!" என்று நாலு பேர் ஒரே குரலில் கத்தினார்கள். அவனும் சிரித்தான். ஆனால் யாரும் சொல்லாமலே, பந்து அதிகம் வராத ஒரு மூலைக்குப் போய் நின்றுகொண்டான்.

பக்கத்தில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் என்னிடம் சொன்னார்: "அவன் கையில வீச்சு வலையக் குடுத்துப் பாருங்க சார், வட்டம் போட்டாப்போல வுளும். பந்து மட்டும் நிக்காது. அது அவன் தலையெழுத்து."

தலையெழுத்தா? மாணவ நண்பர்களே, இந்தக் கேள்வியைத்தான் நாம் இப்போது இயற்பியலின் துணைகொண்டு ஆராயப் போகிறோம். உங்களில் சிலரையும் யாரேனும் ஓட்டைக் கை என்று அழைத்திருக்கக்கூடும். அவர்கள் கொஞ்சம் கூடுதல் கவனத்துடன் படிக்கலாம்.

பெரிய ஆட்டக்காரர்களும் இப்படித்தான்

இது ஒரு குப்பத்துக் கதை மட்டுமன்று. அமெரிக்காவில் பேஸ்பால் என்றொரு ஆட்டம் இருப்பதை அறிவீர்கள். அதில் பந்தை ஆடுகள எல்லைக்கு வெளியே அடிப்பது ஹோம் ரன். நம் சிக்சரைப் போன்றது. டிக் ஸ்டூவர்ட் என்பவர் 1963-ஆம் ஆண்டில் மட்டும் 42 ஹோம் ரன்கள் அடித்தார். அதே ஆண்டில், மற்றவர்கள் எறியும் பந்துகளைப் பிடிப்பதே முக்கிய வேலையாக உள்ள 'முதல் பேஸ்' இடத்தில் நின்று, 29 பிழைகள் செய்தார். 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' என்ற திரைப்படம் 1964-இல் வெளிவந்தது. 'லவ்' என்பதை எடுத்துவிட்டுக் கையுறையைக் குறிக்கும் 'கிளவ்' என்பதைப் போட்டு, 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்கிளவ்' என்று அவருக்குப் பட்டம் கட்டிவிட்டார்கள்.

1973-இல் அமெரிக்கன் லீக் என்னும் பிரிவு ஒரு விதியையே கொண்டுவந்தது. பந்து எறிபவருக்குப் பதிலாக, அடிப்பதற்கு மட்டும் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அவர் களத்தில் நின்று பந்து பிடிக்க வேண்டியதில்லை. பிடிக்கத் தெரியாத பலசாலிகள் பலருக்கு இந்த இடம் புகலிடமாயிற்று. 2022 முதல் இவ்விதி மற்றொரு பிரிவான நேஷனல் லீகிலும் நிலைபெற்றது. நம் ஐ.பி.எல். ஆட்டங்களில் 2023-இல் வந்த 'இம்பாக்ட் பிளேயர்' விதியும், அடித்துவிட்டு வெளியே போய் உட்கார ஒருவருக்கு வழி செய்கிறது.

நம் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1987-ஆம் ஆண்டு அக்டோபர் 9. உலகக் கோப்பைப் போட்டியில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சென்னைச் சேப்பாக்கத்தில் மோதின. ஒருநாள் ஆட்டத்தில் முதன்முறையாக இறங்கிய நவ்ஜோத் சிங் சித்து 73 ரன்கள் எடுத்தார். அதில் 5 சிக்சர்கள்! அரங்கமே அதிர்ந்தது. ஆனால் முடிவு என்ன? ஆஸ்திரேலியா 270, இந்தியா 269. ஒரே ஒரு ரன்னில் தோல்வி.

ஐந்து சிக்சர் என்றால் 30 ரன். அடித்த 30 ரன்னும், களத்தில் தடுத்த 30 ரன்னும் கணக்கில் ஒரே மதிப்புதான். ஒரு ரன்னில் ஆட்டம் போகும் நாளில், எந்த மூலையிலோ கை நழுவிய ஒரு பந்தே வெற்றி தோல்வியைத் தீர்மானித்துவிடும். ஆனால் அடித்ததற்குக் கைதட்டல் உண்டு. தடுத்ததற்குப் பெரும்பாலும் இல்லை. சித்துவும் தொடக்க காலத்தில் களத்தில் மந்தமானவர் என்றே பேசப்பட்டார். பிறகு அவர் என்ன ஆனார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடிப்பதன் இயற்பியல்

வீச்சு வலை வீசுபவரைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் கால்களை ஊன்றிக்கொள்கிறார். இடுப்பு திரும்புகிறது. அதன்பின் தோள், அதன்பின் கை; கடைசியில் வலை விரல்களை விட்டுச் சுழன்று பாய்கிறது. ஓரத்தில் கட்டிய ஈயக் குண்டுகள் வெளிநோக்கி விரிந்து வலையை வட்டமாக்குகின்றன. காலில் பிறந்த ஆற்றல் படிப்படியாக ஏறிக் கைக்கு வந்து சேர்கிறது.

மட்டை வீசுவதும் இதே சங்கிலிதான். அந்த இளைஞன் அடித்த பந்து தண்ணீரில் விழுந்ததில் வியப்பென்ன! விடியற்காலைதோறும் அவன் அந்தப் பயிற்சியைத்தான் செய்துகொண்டிருக்கிறான்.

இனி மோதலைப் பார்ப்போம். கிரிக்கெட் பந்தின் நிறை ஏறத்தாழ 160 கிராம், அதாவது 0.16 கிலோகிராம். அது வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வந்து, அதே வேகத்தில் எதிர்த்திசையில் திரும்புவதாகக் கொள்வோம். வேக மாற்றம் 60; உந்த மாற்றம் 0.16 × 60 = 9.6. இம்மாற்றம் நிகழ்வது ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி என்ற அளவில். நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, விசை = உந்த மாற்றம் ÷ நேரம். ஆகவே சராசரி விசை 9,600 நியூட்டன். ஏறத்தாழ ஒரு டன் எடைக்குச் சமம்!

நேரம் குறையக் குறைய விசை கூடும். எனவே அடிப்பவருக்கு வேண்டியது வேகம், உறுதி, விறைப்பு. பிடிப்பவருக்கோ இதற்கு நேர்மாறானது வேண்டும். அதற்கு முன், அவர் பந்திருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டுமல்லவா?

ஓடிச் சேர்தல்

ஏரியின் வடபகுதியை ஒட்டி ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. அங்கிருந்து பாயும் ராக்கெட்டின் பாதையைக் கணிப்பொறிகள் கணக்கிடுகின்றன. கேட்ச் பிடிக்க ஓடும் சிறுவனிடம் கணிப்பொறி ஏது? ஆயினும் பந்து விழும் இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்கிறான். எப்படி?

1968-இல் அமெரிக்க இயற்பியலாளர் செவில் சாப்மன் இதற்கு ஓர் அழகிய விடை தந்தார். பந்து விழும் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள் என்று கொள்வோம். பந்தை நோக்கும் உங்கள் பார்வை தரையோடு ஒரு கோணம் அமைக்கிறது. பந்தின் உயரத்தை, தரை மட்டத்தில் அது உங்களிடமிருந்து இருக்கும் தூரத்தால் வகுத்தால் அக்கோணத்தின் டான்ஜென்ட் மதிப்பு கிடைக்கும். நீங்கள் சரியான இடத்தில் நின்றால், இம்மதிப்பு ஒவ்வொரு வினாடியும் ஒரே அளவில் கூடிக்கொண்டே போகும்.

நம்பிக்கையில்லையா? கணக்குப் போடுவோம். பந்து கிடைத்தளத்தில் வினாடிக்கு 15 மீட்டர், மேல்நோக்கி 19.6 மீட்டர் வேகத்துடன் கிளம்புகிறது. காற்றின் தடையை இப்போதைக்கு மறந்துவிடுவோம். பந்து 4 வினாடியில் 60 மீட்டர் தள்ளி விழும். நீங்கள் 60 மீட்டரில் நிற்கிறீர்கள்.

1 வினாடி கழித்து: உயரம் 14.7, மீதித் தூரம் 45, விகிதம் 0.33.
2 வினாடி கழித்து: உயரம் 19.6, மீதித் தூரம் 30, விகிதம் 0.65.
3 வினாடி கழித்து: உயரம் 14.7, மீதித் தூரம் 15, விகிதம் 0.98.

பந்து ஏறி இறங்கியபோதும், விகிதம் மட்டும் சீராக ஏறிக்கொண்டே போகிறது, பார்த்தீர்களா?

இப்போது 6 மீட்டர் முன்னே, 54 மீட்டரில் நில்லுங்கள். விகிதங்கள் 0.38, 0.82, 1.63 என்று தாவித் தாவி ஏறும். பந்து உங்கள் தலைக்கு மேல் போகப் போகிறது என்பதே இதன் பொருள். மாறாக 6 மீட்டர் பின்னே, 66 மீட்டரில் நின்றால் 0.29, 0.54, 0.70 என்று ஏற்றம் தளர்ந்துகொண்டே வரும். பந்து முன்னாலேயே விழுந்துவிடும்.

ஆக, களத்தில் நிற்பவர் செய்ய வேண்டியது ஒன்றே. பந்து கண்ணில் விரைந்து விரைந்து ஏறினால் பின்னே ஓட வேண்டும். ஏற்றம் தளர்ந்தால் முன்னே ஓட வேண்டும். சீராக ஏறும்படி ஓட்டத்தைச் சரிசெய்துகொண்டே இருந்தால், பந்தும் கையும் ஒரே இடத்தில் சந்திக்கும். 1993-இல் பீட்டர் மெக்லியட், ஸோல்டன் டீன்ஸ் என்ற இருவர், கேட்ச் பிடிக்க ஓடுபவர்களின் ஓட்டத்தைப் படம் பிடித்து அளந்தார்கள். அவர்கள் இவ்வாறேதான் ஓடினார்கள் என்று தெரிந்தது. கடற்காற்று பந்தைத் தள்ளினாலும் கவலையில்லை. காற்றால் வரும் மாறுதலும் அந்தப் பார்வைக் கோணத்திலேயே தெரிந்துவிடுகிறது.

இனி அந்த இளைஞன் செய்த தவறு விளங்கும். முதல் வினாடியின் எண்களை மட்டும் பாருங்கள்: 0.29, 0.33, 0.38. வேறுபாடு மிகச் சிறிது. பந்து கிளம்பியதுமே அவசரப்பட்டு அவன் முன்னே பாய்ந்தான். பாய்ந்த பிறகு திரும்ப வேண்டுமானால், தன் உடலின் உந்தத்தை முதலில் கொல்ல வேண்டும். உடல் நிறை அதிகமானால் அதற்கு விசையும் அதிகம் வேண்டும். காலடியில் மணலோ நழுவுகிறது. பலசாலிகள் களத்தில் தடுமாற இதுவும் ஒரு காரணம்.

1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். விவியன் ரிச்சர்ட்ஸ் அடித்த பந்தைக் கபில் தேவ் பின்னோக்கி நெடுந்தூரம் ஓடித் தோளுக்கு மேலாக வந்ததைப் பிடித்தார். அவர் கண் பந்தை விட்டு அகலவே இல்லை. அதே கபில் தேவ்தான் ஒரு வாரத்துக்கு முன், ஜிம்பாப்வேக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 175 ரன்கள் விளாசியவர். அடிப்பதும் பிடிப்பதும் ஒரே ஆளிடம் சேரமுடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

கையில் நிறுத்துதல்

பந்திடம் வந்து சேர்ந்துவிட்டோம். நம் கணக்குப் பந்து ஏறத்தாழ வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. அதன் இயக்க ஆற்றல், ½ × 0.16 × 25 × 25 = 50 ஜூல். இந்த 50 ஜூலையும் கை உறிஞ்சியாக வேண்டும். விசை × நகர்ந்த தூரம் = ஆற்றல் அல்லவா?

கையை விறைப்பாக நீட்டி, 5 சென்டிமீட்டரில் நிறுத்தினால் விசை 50 ÷ 0.05 = 1,000 நியூட்டன். அதாவது சுமார் 100 கிலோகிராம் எடை உள்ளங்கையில் அறைகிறது. பந்தோடு சேர்ந்து கையைப் பின்னிழுத்து, 25 சென்டிமீட்டரில் நிறுத்தினால் விசை 50 ÷ 0.25 = 200 நியூட்டன் மட்டுமே. ஐந்தில் ஒரு பங்கு!

டென்னிஸ் பந்தின் நிறை 58 கிராம் அளவே. அடி குறைவாக விழும். ஆனால் அது நன்றாகத் துள்ளும் பந்து. விறைத்த கையில் பட்டால் சுவரில் பட்டதுபோல் திரும்பிப் போய்விடும். அடிக்கும்போது உதவும் அதே விறைப்பு பிடிக்கும்போது பகையாகிறது. ஒரே நியூட்டன் விதிதான். ஆனால் கேட்கும் குணங்கள் எதிரெதிரானவை. அதனால்தான் அடிக்கப் பழகிய கை தானாகவே பிடிக்கப் பழகிவிடுவதில்லை. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

தேர்வு தரும் மயக்கம்

'பலமாக அடிப்பவனுக்குப் பிடிக்க வராது' என்று பலர் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது இயற்பியலன்று, எண்ணிக்கை.

ஒரு குப்பத்தில் 20 பையன்கள். 5 பேருக்கு அடிக்கவும் பிடிக்கவும் வரும். 5 பேருக்கு அடிக்க மட்டும், 5 பேருக்குப் பிடிக்க மட்டும் வரும். 5 பேருக்கு இரண்டுமே வராது. இங்கே அடிப்பவர் 10 பேரில் பாதிப் பேர் பிடிக்கிறார்கள். அடிக்காதவர் 10 பேரிலும் பாதிப் பேர் பிடிக்கிறார்கள். ஆகவே இரண்டு திறமைகளுக்கும் தொடர்பே இல்லை.

ஆனால் ஆட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது, இரண்டும் வராத 5 பேரை விட்டுவிடுகிறோம். மீதி 15 பேரைப் பாருங்கள். அடிப்பவர்களில் பாதிப் பேர் கேட்சை விடுகிறார்கள். அடிக்காதவர்களோ எல்லாருமே நன்றாகப் பிடிக்கிறார்கள். 'பார்த்தாயா, அடிப்பவனுக்குப் பிடிக்க வராது' என்று முடிவு கட்டிவிடுகிறோம். பிடிக்கத் தெரியாமலும் குழுவில் இடம் பெற்றவர், அடித்தால்தானே இடம் பெற்றிருக்க முடியும்? தேர்வு செய்த கூட்டத்தை மட்டும் பார்த்து ஒரு விதியை எழுதினால் இப்படித்தான் ஏமாறுவோம். கிரிக்கெட்டில் மட்டுமல்ல, எங்கும் இந்த எச்சரிக்கை தேவை.

தலையெழுத்து அல்ல

அன்று மாலை அந்த இளைஞனைக் கூப்பிட்டு, மணலில் குச்சியால் கோடு கிழித்து, கையைப் பின்னிழுக்கும் கணக்கைச் சொன்னேன். சிறிது நேரம் யோசித்தான்.

"தூண்டில்ல பெரிய மீனு மாட்டிக்கினா கயித்த வுட்டுக் குடுப்போம் சார். புடிச்சி நிறுத்துனா அறுந்துடும். அதே மாதிரிதானா?"

"அதேதான் தம்பி" என்றேன். இருபது ஆண்டுகளாக வகுப்பில் நான் இதற்கு இவ்வளவு நல்ல எடுத்துக்காட்டு சொன்னதில்லை.

என் மாணவர் ஒருவர் பந்தை உயரே எறிந்தார். முதல் பத்தில் மூன்றைப் பிடித்தான். அடுத்த பத்தில் ஐந்து. நண்பர்கள் கத்துவதை நிறுத்திவிட்டு எண்ண ஆரம்பித்தார்கள். அவன் ஒரே மாலையில் சிறந்த ஆட்டக்காரன் ஆகிவிட்டான் என்று நான் சொல்லவில்லை. பத்துக்கு ஐந்து பாதிதான். ஆனால் மூலையில் நின்றிருந்தால், அன்று அவனுக்கு இருபது பந்து வந்திருக்காது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிடிக்க வராதவனை, பந்து வராத இடத்தில் நிறுத்துகிறோம். பந்து வராததால் அவன் பழகுவதில்லை. பழகாததால் அவனுக்குப் பிடிக்க வருவதில்லை. பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. ஏரியில் மீன் நிறையக் கிடைக்கும் இடமும் உண்டு, குறைவாகக் கிடைக்கும் இடமும் உண்டு. பாட்டுக்கு உரியவர்கள் முறை வைத்து அவ்விடங்களை மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொள்கிறார்கள். யாரும் என்றென்றைக்கும் ஒரே இடத்தில் கிடக்க வேண்டியதில்லை. பயிற்சி ஆட்டங்களிலாவது களத்து இடங்களை நீங்களும் இப்படிப் பாடு வைத்து மாற்றிக்கொண்டால் என்ன?

சித்துவின் கதையை முடிக்கவில்லையே! சிக்சர் சித்து என்று பெயர் வாங்கிய அவர், களத்திலும் விடாமல் உழைத்தார். 1992 உலகக் கோப்பையில், பாய்ந்து வந்து தன் உடலோடு ஸ்டம்புகளைச் சாய்த்து இன்சமாம் உல் ஹக்கை ரன் அவுட் ஆக்கியவர் தென்னாப்பிரிக்காவின் ஜாண்டி ரோட்ஸ். களத்தில் அவரைப் போல் பாய்கிறார் என்று, பிற்காலத்தில் சித்துவை 'ஜாண்டி சிங்' என்றே அழைத்தார்கள். மந்தமானவர் என்ற பேச்சும் இந்தப் பட்டமும் ஒரே மனிதருக்குக் கிடைத்தவைதாம்.

நாங்கள் புறப்படும்போது அந்தப் பெரியவர் இன்னும் வலையின் பொத்தலைத்தான் சரிசெய்துகொண்டிருந்தார். "ஓட்ட வலைய யாரும் தூக்கிப் போடுறதில்லையே ஐயா?" என்றேன். அவர் இளைஞனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

செய்து பாருங்கள்

1. உங்கள் விரல்களுக்கு நடுவே, 30 சென்டிமீட்டர் அளவுகோலின் சுழி முனை இருக்கும்படி நண்பர் பிடித்துக்கொள்ளட்டும். சொல்லாமல் விடட்டும், நீங்கள் பிடியுங்கள். 20 சென்டிமீட்டர் குறியில் பிடித்தால் உங்கள் எதிர்வினை நேரம் 0.20 வினாடி. 15 சென்டிமீட்டரில் என்றால் 0.17 வினாடி. வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் வரும் பந்து 0.20 வினாடியில் 5 மீட்டர் கடந்துவிடும். மட்டையாளருக்கு மிக அருகில் நின்று, 27 டெஸ்ட் ஆட்டங்களில் 53 கேட்ச் பிடித்த ஏக்நாத் சோல்கரின் அருமை அப்போது புரியும்.

2. பலூனில் தண்ணீர் நிரப்பி, திறந்த வெளியில் நண்பரும் நீங்களும் எறிந்து பிடியுங்கள். விறைத்த கையில் உடையும். விட்டுக் கொடுத்த கையில் உடையாது. எவ்வளவு தூரம் வரை உடையாமல் பிடிக்க முடிகிறது என்று ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. மேலே சொன்ன கணக்கில் 60 மீட்டருக்குப் பதில் 57 மீட்டரில் நின்று விகிதங்களைக் கணக்கிடுங்கள். மூன்று எண்களையும் கண்ட பிறகு, எந்தப் பக்கம் ஓடுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.